சிலிக்கன் பிக்சல் உணர்கருவி: துகளின் தடத்தையும் எக்ஸ்ரேயையும் எப்படிப் பிடிக்கிறது?

அடிப்படைத் துகள்களில் ஒன்றான ஹிக்ஸ் துகள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2012 ஜூலை 4 அன்று அறிவித்தது. செய்தியோடு சேர்ந்து ஒரு படமும் உலகமெங்கும் பரவியது: நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் பாயும் வண்ணக் கோடுகள். "ஹிக்ஸ் துகளைப் படம் பிடித்துவிட்டார்கள்" என்று அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. தொடக்கக்கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள்கூட "அந்தக் கேமரா எத்தனை மெகாபிக்சல்?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம், பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்த இரண்டு நிமிடத்தில் மருத்துவரின் கணினித் திரையில் படம் வந்துவிடுகிறது. "செர்னில் இருக்கும் அதே தொழில்நுட்பம்தான் இது" என்று யாராவது சொல்வார்கள். அதுவும் பாதிதான் சரி.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு சிலிக்கன் அந்நியமான பொருள் இல்லை. உட்லண்ட்ஸிலும் பாசிர் ரிஸிலும் சில்லுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் உறவினரோ அண்டை வீட்டாரோ நம்மில் பலருக்கும் உண்டு. அதே சிலிக்கன் தகடு கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளின் வழியை எப்படிச் சொல்கிறது, எக்ஸ்ரேயை எப்படி எண்ணுகிறது என்பதை முதல்முறை கேட்பவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

கைப்பேசிக் கேமராவும் இதுவும் ஒன்றா?

கைப்பேசிக் கேமராவிலும் சிலிக்கன் இருக்கிறது, பிக்சலும் இருக்கிறது. குழப்பம் வருவதில் வியப்பில்லை. ஆனால் கேமராவின் பிக்சல் பொறுமையாகச் சேமிக்கும் ஆள். படம் எடுக்கும் அந்தச் சிறிய நேரம் முழுக்க விழுகிற வெளிச்சத்தை மின்னூட்டமாகச் சேர்த்து வைக்கும். கடைசியில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். வெளிச்சத்தால் வந்தது எவ்வளவு, சிலிக்கனின் சொந்த வெப்பத்தால் வந்தது எவ்வளவு, சுற்றமைப்பின் தடுமாற்றம் எவ்வளவு என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இருட்டில் எடுத்த படம் மணல் தூவியதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பிக்சல் உணர்கருவி வேறு மாதிரி வேலை செய்கிறது. அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்தமாக ஒரு சிறிய மின்சுற்று உண்டு. "என்னிடம் இப்போது ஏதாவது வந்ததா, இல்லையா?" என்பதை அந்தப் பிக்சலே அங்கேயே தீர்மானித்துவிடும். வந்தது என்றால் தன் முகவரியைச் சொல்லும். வேண்டுமானால் நேரத்தையும் அளவையும் சேர்த்துச் சொல்லும். வரவில்லை என்றால் சும்மா இருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வதானால், முடிவெடுக்கும் இந்தப் பிக்சலைத்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

அட்டையைத் தட்டிவிட்டுப் போகும் பயணி

நாம் தினமும் செய்கிற ஒரு காரியத்தை வைத்துப் பார்ப்போம். யீஷூனில் வீட்டுப் பக்கம் பேருந்தில் ஏறும்போது அட்டையைத் தட்டுகிறோம், இறங்கும்போது தட்டுகிறோம். பிறகு எம்ஆர்டி வாயிலில் ஒரு தட்டு. ராஃபிள்ஸ் பிளேஸில் வெளியே வரும்போது இன்னொன்று. அந்தக் கருவிகளில் ஒன்றுகூட நம் முகத்தைப் பார்க்கவில்லை. சேலை கட்டியிருந்தோமா, கையில் குடை இருந்ததா என்று அவற்றுக்குத் தெரியாது. 'இந்த இடத்தில், இந்த நேரத்தில், ஒரு தட்டு' என்பது மட்டுமே பதிவாகிறது. ஆனாலும் அந்த நான்கு பதிவுகளை வரிசையாக வைத்தால் நாம் எங்கிருந்து எங்கே எந்த வழியில் போனோம் என்று சொல்லிவிடலாம். துகளின் தடத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

அதே தட்டுகளை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். யார் எங்கே போனார்கள் என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாயிலிலும் காலை 8 மணி முதல் 9 மணி வரை எத்தனை தட்டு என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எந்த வாயிலில் கூட்டம், எது வெறிச்சோடியது என்று ஒரு வரைபடம் கிடைத்துவிடும். எக்ஸ்ரே படம் இப்படிக் கிடைக்கிறது.

ஒரே கருவி இரண்டு வேலைகளுக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. தட்டுகளைக் கோத்துப் பார்த்தால் தடம், கூட்டிப் பார்த்தால் படம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பயணியிடம் அட்டை இருக்கிறது, அட்டைக்கு ஓர் எண் இருக்கிறது. துகளிடம் அப்படி எதுவும் கிடையாது. எந்தத் தட்டு எந்தத் துகளுடையது என்று கணினிதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிலிக்கனுக்குள் என்ன நடக்கிறது?

சரி, துகள் எப்படி 'தட்டுகிறது'?

சிலிக்கன் ஒரு பகுதி மின்கடத்தி. செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடாது, கண்ணாடியைப் போல அடியோடு தடுக்கவும் தடுக்காது. அதன் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் பக்கத்திலிருக்கும் நான்கு அணுக்களோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இறுகிக் கிடக்கும். மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் வேகமாக ஊடுருவிப் போகும்போது, வழியில் அந்த எலக்ட்ரான்களில் சிலவற்றைக் கட்டிலிருந்து பிய்த்து விடுகிறது. எலக்ட்ரான் போனதும் அந்த இடம் காலி. அந்தக் காலியிடத்துக்குத் துளை என்று பெயர். பக்கத்து எலக்ட்ரான் வந்து துளையை நிரப்ப, துளை அங்கே இடம் மாறும். இப்படியே அதுவும் ஒரு நேர்மின் துகளைப் போலப் படிகத்துக்குள் நகரும். ஆக, துகள் போன வழியெல்லாம் எலக்ட்ரான்–துளை ஜோடிகள் பிறக்கின்றன.

ஒரு ஜோடியை உண்டாக்கச் சராசரியாக 3.6 எலக்ட்ரான்வோல்ட் செலவாகும். ஓர் எலக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான்வோல்ட். மிக மிகச் சிறிய அளவு. அதனால்தான் சிலிக்கன் இவ்வளவு கூர்மையான பொருளாக இருக்கிறது. வாயுவை நிரப்பிய பழைய வகை உணர்கருவிகளில் ஒரு ஜோடிக்குச் சுமார் 30 எலக்ட்ரான்வோல்ட் தேவைப்படும். அதே ஆற்றலுக்குச் சிலிக்கன் ஏறக்குறைய எட்டு மடங்கு அதிக ஜோடிகளைக் கொடுத்துவிடுகிறது.

இப்போது ஒரு தகட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம். தடிமன் 300 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே தகட்டின் தடிமன் 0.3 மில்லிமீட்டர். வேகமான துகள் ஒன்று ஒவ்வொரு மைக்ரானிலும் பெரும்பாலும் 75 முதல் 80 ஜோடிகளை உண்டாக்கும். மொத்தம் சுமார் 23,000. காதுக்குப் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால், அறை வெப்பநிலையில், எந்தத் துகளும் வராமலே, வெப்பத்தால் மட்டும் விடுபட்டு அலையும் எலக்ட்ரான்கள் சுமார் 40 கோடி இருக்கும். 40 கோடிக்கு நடுவே 23,000 புதிதாக வந்து சேர்ந்தால் யாருக்குத் தெரியும்?

இந்தத் துறையின் சாமர்த்தியம் முழுக்க இந்தச் சிக்கலைத் தீர்த்ததில் இருக்கிறது என்பேன். தகட்டின் இரண்டு முகங்களிலும் வெவ்வேறு பொருள்களை மிகச் சிறிதளவு கலந்து, தகட்டையே ஒரு டையோடாக மாற்றிவிடுகிறார்கள். டையோடு என்பது ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம். அதற்கு மின்சாரம் போகாத திசையில், அதாவது தலைகீழாக, மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். 300 மைக்ரான் தகட்டுக்குப் பல பத்து வோல்ட்டிலிருந்து நூறு வோல்ட் வரை போதும். அலைந்துகொண்டிருந்த மின்னூட்டங்கள் எல்லாம் இரு பக்கமும் இழுக்கப்பட்டு வெளியேற, நடுப்பகுதி காலியாகிவிடும். இனி அங்கே புதிதாக எது தோன்றினாலும் பளிச்சென்று தெரியும்.

காலியான அந்தப் பகுதியில் மின்புலமும் நிற்கிறது. துகள் போனவுடன் பிறந்த எலக்ட்ரான்களை ஒரு முகத்துக்கும் துளைகளை எதிர் முகத்துக்கும் அது இழுத்துவிடும். முழுத் தடிமனையும் கடக்க எலக்ட்ரான்களுக்குச் சுமார் 10 நானோவினாடி ஆகும். ஒரு நானோவினாடி என்பது ஒரு வினாடியில் 100 கோடியில் ஒரு பங்கு. அந்தச் சிறு மின் துடிப்புதான் 'தட்டு'.

இதுவரை பார்த்தது: துகள் சிலிக்கனுக்குள் எலக்ட்ரான்–துளை ஜோடிகளை உண்டாக்குகிறது. தலைகீழ் மின்னழுத்தம் தகட்டை முன்கூட்டியே காலி செய்து வைத்திருப்பதால், அந்தச் சில ஆயிரம் எலக்ட்ரான்கள் கூட்டத்தில் தொலைந்து போவதில்லை.

எதற்காகப் பிக்சல்களாகப் பிரிக்க வேண்டும்?

முழுத் தகடும் ஒரே உணர்கருவியாக இருந்தால் 'ஏதோ ஒன்று வந்தது' என்று மட்டும் தெரியும். எங்கே என்று தெரியாது. முதலில் தகட்டை நீளப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரு தகட்டில் நெடுக்குப் பட்டைகள், இன்னொன்றில் குறுக்குப் பட்டைகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் துகள் போயிருக்க வேண்டும். ஒரே ஒரு துகள் வந்தால் இது அருமையாக வேலை செய்யும். ஒரே நேரத்தில் நான்கு துகள்கள் வந்தால்? நான்கு நெடுக்கு, நான்கு குறுக்கு, 16 சந்திப்புகள். அவற்றில் நான்கு மட்டுமே உண்மை. மீதி 12 போலி. நூறு துகள்கள் வந்தால் நிலைமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதனால் நெருக்கடியான இடங்களுக்குச் சிறு சிறு கட்டங்களாகவே பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டம்தான் பிக்சல். போலிச் சந்திப்புக்கே இடமில்லை. ஆனால் புதிய தலைவலி ஒன்று வந்தது. இத்தனை கட்டங்களிலிருந்தும் கம்பியை எங்கே இழுப்பது?

விடை: கம்பியே வேண்டாம். சிலிக்கன் தகட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர் கீழே, அதே அளவுள்ள மின்சுற்றுக் கட்டம் ஒன்றை வைத்த இன்னொரு சில்லைச் செய்து, இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே 20, 30 மைக்ரான் அளவுள்ள ஓர் உலோக மணி இருக்கும். பற்றவைக்கும் ஈயக் கலவையாகவோ இண்டியமாகவோ இருக்கலாம். எலக்ட்ரான்கள் இந்த மணி வழியாகக் கீழே இறங்கி மின்சுற்றுக்குப் போகும். சில்லுகளை இப்படிக் கவிழ்த்து ஒட்டும் வேலை நம் ஊர்ச் சில்லுத் துறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இந்த இரட்டைத் தகட்டு வகைக்குக் கலப்பு உணர்கருவி என்று பெயர்.

செர்னில் உருவான மெடிபிக்ஸ்2 சில்லை அருகில் வைத்துப் பார்ப்போம். பக்கத்துக்கு 14 மில்லிமீட்டர். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. அதில் 256 வரிசை, வரிசைக்கு 256 பிக்சல், மொத்தம் 65,536. ஒவ்வொரு பிக்சலும் 55 மைக்ரான் சதுரம். அந்தச் சிறு சதுரத்துக்குள் ஒரு மின்துடிப்புப் பெருக்கி, வந்த துடிப்பை ஒரு வரம்போடு ஒப்பிடும் சுற்று, வரம்பைத் தாண்டிய துடிப்புகளை எண்ணும் 'எண்ணி' ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன.

அந்த வரம்பு முக்கியம். எந்த மின்சுற்றிலும் காரணமில்லாமல் ஒரு சிறு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும்; அதை இரைச்சல் என்கிறோம். இவ்வளவு சிறிய பிக்சலில் இரைச்சலின் அளவு சுமார் 100 எலக்ட்ரான்தான். வேகமான துகளோ சுமார் 23,000 எலக்ட்ரான்களைக் கொண்டுவருகிறது. எனவே 1,000 எலக்ட்ரானுக்குக் குறைவான எதையும் கணக்கில் எடுக்காதே என்று வரம்பு வைத்துவிட்டால், இரைச்சல் உள்ளே நுழையவே முடியாது. இருட்டில் எத்தனை மணி நேரம் வைத்திருந்தாலும் இரைச்சலால் எண்ணி நகராது. கேமராவால் செய்ய முடியாத காரியம் இது.

தடம்: எங்கிருந்து வந்தது, எப்படி வளைந்தது

இப்போது செர்னுக்குப் போவோம். அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான் கற்றைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. அவை 25 நானோவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொரு கடப்பிலும் பத்துக்கணக்கான மோதல்கள் நடக்கும். ஒவ்வொரு மோதலிலிருந்தும் துகள்கள் சிதறும். சிதறுகிற இடத்தைச் சுற்றி உருளை உருளையாகப் பல அடுக்குகளில் பிக்சல் உணர்கருவிகள் நிற்கின்றன.

ஒரு துகள் வெளியே ஓடும்போது ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிக்சலைத் தட்டிவிட்டுப் போகும். அடுக்குக்கு ஒரு புள்ளி. கணினி இந்தப் புள்ளிகளை இணைத்துப் பார்த்துத் தடத்தை வரைகிறது. முழுக் கருவியும் பெரிய காந்தம் ஒன்றுக்குள் இருப்பதால், மின்னூட்டம் கொண்ட துகளின் பாதை வளையும். நேர்மின் துகள் ஒரு பக்கம் வளைந்தால் எதிர்மின் துகள் மறுபக்கம் வளையும். உந்தம், அதாவது நிறையும் வேகமும் சேர்ந்த அளவு, அதிகமானால் வளைவு குறையும். வளைவை அளந்தால் உந்தம் கிடைத்துவிடும்.

நாளிதழில் வந்த அந்த வண்ணக் கோடுகள் இவைதான். கணினி கணக்குப் போட்டு, பிறகு மனிதருக்குப் புரிவதற்காக நிறம் கொடுத்து வரைந்த கோடுகள். ஹிக்ஸ் துகள் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அது பிறந்த இடத்திலேயே, எந்த அடுக்கையும் தொடுவதற்கு முன்பே சிதைந்துவிடுகிறது. சிதைவில் வந்த துகள்களின் தடத்தையும் ஆற்றலையும் கூட்டிப் பார்த்து, அவை இன்ன நிறையுள்ள ஒரு துகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறார்கள். அதுவும் ஒரு நிகழ்வை வைத்து அல்ல. ஏராளமான நிகழ்வுகளைச் சேர்த்த பிறகு.

மோதும் இடத்துக்குப் பக்கத்தில் பிக்சல் ஏன் இவ்வளவு அவசியம் என்பதற்கு பி-குவார்க் என்னும் அடிப்படைத் துகள் நல்ல உதாரணம். இந்தக் குவார்க்கைக் கொண்ட துகள்கள் சுமார் 1.5 பிக்கோவினாடி மட்டுமே வாழும். பிக்கோவினாடி என்பது நானோவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அவை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாய்வதால், சிதைவதற்குள் ஒரு சில மில்லிமீட்டர் தூரம் போய்விடும். அங்கிருந்து புதிய தடங்கள் கிளம்பும். அந்தத் தடங்களைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் அவை மோதல் நடந்த புள்ளியில் சேராது. சற்றுத் தள்ளி வேறொரு புள்ளியில் சேரும். அந்தச் சில மில்லிமீட்டர் விலகலைக் கண்டுபிடித்தால்தான் 'இங்கே பி-குவார்க் இருந்தது' என்று சொல்ல முடியும். ஹிக்ஸ் துகள் பெரும்பாலும் பி-குவார்க் ஜோடியாகச் சிதைவதால் இது வெறும் நுணுக்கம் இல்லை.

இதற்காக அடுக்குகளை மோதல் புள்ளிக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்கிறார்கள். அட்லஸ், சிஎம்எஸ், ஆலிஸ் ஆகியவை செர்ன் வளையத்தில் மோதல்களைப் பதியும் தனித்தனி ஆய்வுகள். அட்லஸ் ஆய்வில் 2014-ல் சேர்த்த உள்ளடுக்கு, கற்றையின் மையத்திலிருந்து 3.3 சென்டிமீட்டரில் இருக்கிறது. சிஎம்எஸ் ஆய்வில் 2017-ல் பொருத்திய உணர்கருவியில் 12 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். ஆலிஸ் ஆய்வு 2021-ல் பொருத்தியது ஏழு அடுக்கு, சுமார் 10 சதுர மீட்டர், 1,250 கோடி பிக்சல்.

மெகாபிக்சல் கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. ஆனால் அந்த எண்ணில் மயங்கிவிட வேண்டாம். எண்ணிக்கையைவிடத் தடிமன்தான் அங்கே பெரிய கவலை. துகள் எவ்வளவு பொருளைக் கடக்கிறதோ அவ்வளவு தூரம் அதன் திசை தடுமாறும். அளக்கப் போன கருவியே அளவைக் கெடுத்துவிடும். அதனால் ஆலிஸ் உள்ளடுக்குகளில் உணர்தகட்டையும் மின்சுற்றையும் ஒரே சிலிக்கனில் அமைத்து, அதை 50 மைக்ரானுக்கு இழைத்துவிட்டார்கள். ஒட்டும் மணிகளும் இல்லை, இரண்டாவது தகடும் இல்லை.

இன்னொரு கவலை கதிர்வீச்சுச் சேதம். ஆண்டுக்கணக்கில் துகள் மழையில் நிற்கும் சிலிக்கனின் படிகக் கட்டமைப்பு மெல்ல மெல்லக் குலையும். அணுக்கள் இடம் பெயரும், கசியும் மின்னோட்டம் கூடும். அதைக் கட்டுப்படுத்த உறைநிலைக்குக் கீழே குளிர்வித்து வைக்கிறார்கள். அப்படியும் உள்ளடுக்குகளை அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும்.

சுருக்கமாக: ஒரு துகள், பல அடுக்கு, அடுக்குக்கு ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் தடம். தடங்கள் சேரும் இடம் பிறந்த இடத்தைச் சொல்லும், வளைவு உந்தத்தைச் சொல்லும்.

எக்ஸ்ரே வந்தால் கதை மாறுகிறது

எக்ஸ்ரேயும் ஒளிதான், ஆற்றல் மட்டும் மிக அதிகம். ஒளி ஃபோட்டான் என்னும் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. வேகமான துகள் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை விட்டுச் செல்லும். எக்ஸ்ரே ஃபோட்டான் அப்படிச் செய்யாது. ஒன்று, எதையும் தொடாமல் தகட்டைக் கடந்து போய்விடும்; அல்லது ஓர் இடத்தில் அப்படியே விழுங்கப்பட்டுவிடும். விழுங்கப்பட்டால் அதன் முழு ஆற்றலும் அந்த ஒரே இடத்தில் ஜோடிகளாக மாறும். 8,000 எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் என்றால், 3.6 ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 2,200 எலக்ட்ரான். நம் கண் காணும் வெளிச்சத்தின் ஃபோட்டான் ஒன்று உண்டாக்குவது ஒரே ஒரு ஜோடிதான்.

இந்த 2,200-க்கும் இரைச்சலின் 100-க்கும் நடுவே வரம்பை வசதியாக வைக்கலாம். ஆகவே எக்ஸ்ரே ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ண முடியும். வரம்பைச் சரியாக ஃபோட்டான் ஆற்றலின் பாதியில் வைப்பது ஒரு நல்ல உத்தி. ஃபோட்டான் இரண்டு பிக்சல்களின் எல்லையில் விழுந்தால் எலக்ட்ரான்கள் இரண்டுக்கும் பங்காகிவிடும். வரம்பு பாதியில் இருந்தால், பெரும்பங்கு பெற்ற பிக்சல் மட்டும் எண்ணும். மற்றது பேசாமல் இருக்கும். இரண்டு முறை எண்ணும் தவறும் இல்லை, எண்ணாமல் விடும் தவறும் ஏறக்குறைய இல்லை. பிக்சல் மிகச் சிறிதானால் ஒரு ஃபோட்டானின் எலக்ட்ரான்கள் மூன்று, நான்கு பிக்சல்களுக்குச் சிதறும். அப்போது இந்த உத்தி மட்டும் போதாது. பக்கத்துப் பிக்சல்கள் தங்களுக்குள் கூட்டிப் பார்த்து, அதிகம் பெற்றது யார் என்று முடிவு செய்யும் ஏற்பாட்டை மெடிபிக்ஸ்3 சில்லில் கொண்டுவந்தார்கள்.

எண்ணுவதால் கிடைக்கும் இன்னொரு ஆதாயம் ஆற்றல். இரண்டு, மூன்று வரம்புகளை வைத்தால், குறைந்த ஆற்றலுள்ள ஃபோட்டான் எத்தனை, அதிக ஆற்றலுள்ளது எத்தனை என்று தனித்தனியாகத் தெரியும். சாதாரண எக்ஸ்ரே படம் நிழல்தான்: எலும்பு அதிகமாக மறைக்கும், தசை குறைவாக மறைக்கும். ஆற்றல் வாரியாக எண்ணினால், மறைத்த பொருள் சுண்ணாம்புச் சத்தா, செலுத்திய அயோடின் மருந்தா என்றும் பிரித்தறிய முடியும். மெடிபிக்ஸ்3 சில்லைப் பயன்படுத்தி நியூசிலாந்தில் உருவான கருவி ஒன்று 2018-ல் மனித உடலின் வண்ண முப்பரிமாண எக்ஸ்ரே படங்களைக் காட்டியது. அந்த நிறமும் கணினி கொடுத்ததுதான். ஆனால் அது அழகுக்காகப் பூசியது இல்லை. எந்தப் பொருள் என்ற தகவலைச் சுமக்கிறது.

பெரிய அளவில் இந்த உணர்கருவிகள் கோலோச்சும் இடம் சிங்க்ரோட்ரான் கூடங்கள். எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு, அவை வளையும்போது வெளிவிடும் ஒளியைப் பயன்படுத்தும் இடம் அது. சிங்கப்பூரிலும் ஒன்று உண்டு: கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், ஹீலியோஸ்2 என்ற சிறிய வளையத்தைச் சுற்றி அமைந்தது. உலகின் பெரிய கூடங்களில் ஒரு புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே கற்றையில் வைத்தால், ஆயிரக்கணக்கான புள்ளிகளாகக் கதிர் சிதறும். சில புள்ளிகள் கண்ணைக் கூசும் அளவு, வேறு சிலவற்றிலோ பத்து ஃபோட்டான்கூடத் தேறாது. இரண்டையும் ஒரே படத்தில் நம்பிக்கையாக அளக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தில் சிஎம்எஸ் ஆய்வுக்காகப் பிக்சல் செய்த அனுபவத்திலிருந்து பிறந்த பிலாட்டஸ் உணர்கருவி இந்த வேலையைத் தலைகீழாக மாற்றியது. 172 மைக்ரான் பிக்சல். ஒவ்வொன்றிலும் 10 லட்சத்துக்கு மேல் எண்ணக்கூடிய எண்ணி. துகள் இயற்பியலுக்காகச் செய்த கருவி, மருந்து ஆய்வுக்குத் தேவையான புரதங்களின் வடிவத்தைக் கண்டறிய உதவியது.

அப்படியானால் மருத்துவமனையில் இருப்பது எது?

இங்கேதான் சிலிக்கனின் பலவீனம் தெரிகிறது. 8,000 எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான்களை 300 மைக்ரான் தகடு ஏறக்குறைய முழுதும் விழுங்கிவிடும். 20,000 என்றால் கால்வாசிக்குச் சற்று அதிகம். உடலைப் படம் எடுக்கத் தேவைப்படும் 60,000 என்றால் 2 சதவீதம்தான் நிற்கும். மீதி 98 சதவீதம் தகட்டைக் கடந்து ஓடிவிடும். நோயாளியின் உடம்பில் கதிரைச் செலுத்திவிட்டு, அதில் 98 சதவீதத்தை வீணாக்குவது எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ளாத செயல்.

அதனால் மருத்துவமனைகளின் வழக்கமான டிஜிட்டல் எக்ஸ்ரே பலகை சுற்றுவழியில் போகிறது. முதலில் சீசியம் அயோடைடு போன்ற ஒரு பொருள் எக்ஸ்ரேயை விழுங்கி வெளிச்சமாக மாற்றும். அந்த வெளிச்சத்தைப் பின்னாலுள்ள சிலிக்கன் சேமிக்கும். சேமிக்கும் முறை கேமராவுடையது, எண்ணுவது கிடையாது. சாங்கி விமான நிலையத்தில் நம் பை நுழைந்து வரும் வகை எக்ஸ்ரே இயந்திரங்களும் பொதுவாக இந்தச் சுற்றுவழியைத்தான் பின்பற்றுகின்றன. 'செர்னில் இருப்பது அதே' என்ற பேச்சு பாதிதான் சரி என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

மீதிப் பாதி இப்போது சரியாகி வருகிறது. மெடிபிக்ஸ் போன்ற சில்லை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் சிலிக்கன் தகட்டுக்குப் பதிலாகக் காட்மியம் டெலுரைடு தகட்டை ஒட்டலாம். கனமான அணுக்கள் கொண்ட இந்தப் பொருள் அதிக ஆற்றல் எக்ஸ்ரேயையும் நன்றாக விழுங்கும். கலப்பு உணர்கருவியில் மேல்தகடு வேறு, கீழ்ச்சில்லு வேறு என்று பிரித்து வைத்ததன் பலன் இது. காட்மியம் டெலுரைடைக் கொண்டு ஃபோட்டான்களை எண்ணும் சிடி ஸ்கேன் இயந்திரம் ஒன்றுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-ல் அனுமதி கொடுத்தது. குறைந்த கதிர்வீச்சில் நுட்பமான படம் கிடைக்கும் என்பதால் உலகெங்கும் மருத்துவமனைகள் இதில் ஆர்வம் காட்டுகின்றன. ஆனால் வேகம் ஒரு சவால்: ஒரே பிக்சலில் ஃபோட்டான்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தால் இரண்டை ஒன்றாக எண்ணிவிடும். அதைத் தவிர்க்கப் பிக்சலைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் மின்னூட்டம் பக்கத்துப் பிக்சலுக்குச் சிதறும். பொறியாளர்களின் இழுபறி இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிறது.

ஒரே ஒரு தகட்டில் தெரியும் உலகம்

பல அடுக்குகளும் காந்தமும் இல்லாமல் ஒரே ஒரு சில்லை வைத்தும் நிறையப் பார்க்கலாம். மெடிபிக்ஸின் உடன்பிறப்பான டைம்பிக்ஸ் சில்லு, ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு மின்னூட்டம் வந்தது, அல்லது எப்போது வந்தது என்று பதியும். அதைக் கையடக்கக் கருவியாகச் செய்து கணினியில் செருகிவிட்டால், மேசையின் மேலேயே திரையில் வடிவங்கள் தோன்ற ஆரம்பிக்கும்.

ஆல்ஃபா துகள், அதாவது கதிரியக்கத்தில் வரும் ஹீலியம் அணுக்கரு, குண்டான வட்டப் பொட்டாக விழும். அது தகட்டின் மேற்பரப்பிலேயே ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடும். பெருந்திரளான மின்னூட்டம் சுற்றியுள்ள பிக்சல்களுக்குப் பரவும். பீட்டா துகள், அதாவது கதிரியக்கத்தில் வரும் எலக்ட்ரான், புழு நெளிந்த தடமாகத் தெரியும். இலேசான துகள் என்பதால் ஒவ்வொரு மோதலிலும் திசை மாறிக்கொண்டே போகும். எக்ஸ்ரே ஃபோட்டான் ஓரிரு பிக்சலில் ஒரு புள்ளி. பக்கவாட்டில் சாய்ந்து வரும் மியூவான் நேர்கோடு. மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான உறவு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறந்து, நம் தலைமேல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று. இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கை வழியாக மட்டும் நூற்றுக்கணக்கில் போயிருக்கும்.

வடிவத்தைப் பார்த்தே எந்தத் துகள் என்று சொல்ல முடிவதால், கதிர்வீச்சை அளப்பதற்கு இது மிகப் பொருத்தமான கருவி. மொத்த அளவு மட்டும் சொல்லும் பழைய மானிகளால் இது முடியாது. ஆனால் உடலுக்கு எவ்வளவு தீங்கு என்பது எந்தத் துகள் என்பதைப் பொறுத்தது. 2012 முதல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் டைம்பிக்ஸ் கருவிகள் வேலை செய்திருக்கின்றன. 2014-ல் ஆளில்லாமல் சோதனைப் பயணம் போன ஓரியன் விண்கலத்திலும் அவை இருந்தன. விண்வெளி வீரர்கள் எந்தெந்தத் துகளை எவ்வளவு வாங்கிக்கொள்கிறார்கள் என்று அந்த 65,536 பிக்சல்களும் அங்கே எண்ணுகின்றன.